வலப்பக்கத்து ஒட்டு

படகின் உடலை அச்சிலிருந்து உரித்து எடுத்த வாரத்தில்தான் அஸெனோர் கெர்மாரெக்கின் இமைகள் முதன்முறையாக வீங்கின. காலையில் கண்ணாடி முன் நின்றால் யாரோ ராத்திரி முழுக்க அறைந்தது மாதிரி இருந்தது முகம். தூக்கம் சரியில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுவாரம் மணிக்கட்டில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள். அதற்குப் புதுச் சோப்பைக் குற்றம் சொன்னாள். இருபது வருடத்துக்கு மேல் கார்பன் துணி அடுக்கியவளுக்கு அது என்னவென்று தெரியாமலா போகும்? தெரிந்ததால்தான் பாவம் அந்தச் சோப்பின் தலையில் பழி விழுந்தது.

பிசின் ஒவ்வாமை. லோரியான் துறைமுகத்தில் பந்தயப் படகு கட்டுகிறவர்கள் இந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு ஆறே மாதத்தில் வரும், சிலருக்குத் தலை நரைத்த பிறகும் வராது. வந்துவிட்டால் மட்டும் போகாது. கையுறையை மாற்றிப் பார்க்கலாம், முகமூடியை மாற்றிப் பார்க்கலாம், உடம்பு ஒருமுறை பிசினைப் பகையென்று முடிவு கட்டிவிட்டால் பிறகு அதோடு பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. தொழில் மருத்துவர் 'தகுதியில்லை' என்று ஒரே வார்த்தை எழுதுவார். அதோடு பட்டறைக் கதவு சாத்தப்படும்.

அவளுடைய கூட்டாளி ரோனானுக்கு அப்படித்தான் சாத்தினார்கள். ஒரு மேசையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள் என்று பதினோரு படகுகளுக்குத் துணி அடுக்கியவன். இப்போது துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறான். பட்டறை வாசலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டுவான். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். அஸெனோர் மட்டும் சிரித்ததில்லை.

அவள் பிறந்தது துவார்னனேயில். அம்மா மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். வீட்டுத் திரைச்சீலை, தலையணை, அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு எல்லாவற்றிலும் மீன் நாற்றம். மீன் வாடை இல்லாத எந்த வேலையானாலும் சரி என்று பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்தவளுக்குக் கிடைத்தது பிசின் வாடை. கல்யாணமும் ஒன்று செய்து பார்த்தாள். நாலு வருடம் ஓடியது. மகள் ரென் நகரத்தில் படிக்கிறாள், ஞாயிறுதோறும் பேசுவாள், பெரும்பாலும் வானிலையைப் பற்றி. மற்றபடி அஸெனோருக்கு இருந்ததெல்லாம் அந்தப் பட்டறைதான். அதை அவள் ஒருபோதும் பெருமையாகச் சொன்னதில்லை. வேறு எதுவும் தெரியாது என்பதைப் பெருமையாக எப்படிச் சொல்வது?

ஆனால் வேலை தெரியும். உறைபெட்டியிலிருந்து பிசின் ஊறிய கறுப்புத் துணியை எடுத்து, வரைபடம் சொல்லும் கோணத்தில் அச்சுக்குள் பரப்பி, காற்று சிக்காமல் தேய்த்து, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. பிறகு மொத்தத்தையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு, வீடு அளவுக்குப் பெரிய அடுப்பில் வேகவைப்பார்கள். வெளியே வரும்போது அது விரல் பருமன்கூட இல்லாத தோல். அதை நம்பித்தான் ஒரு மனிதன் தனியாக உலகத்தைச் சுற்றி வரப் போகிறான். எடையைக் குறைக்க எதையும் செய்வார்கள். உள்சுவரில் பேர் எழுதிவைக்க ஒருமுறை யாரோ பேனாவை எடுத்ததற்கு, பட்டறைத் தலைவர் ப்ரியெக் கத்திய கத்தலை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"மை என்ன காத்தா? அதுவும் எடைதான்டா! உன் பேரை உன் நெத்தியில எழுதிக்கோ!"

பேர் எழுதக் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. புதுப் படகு முதன்முதலில் கடலுக்குப் போகும்போது பட்டறையிலிருந்து ஒரே ஒருவர் கூடப் போவார். முறை வைத்துத்தான், சண்டையே கிடையாது. அஸெனோரின் முறை முதல் தடவை வந்தபோது அவள் நிறைமாத கர்ப்பிணி. இரண்டாம் தடவை வந்தபோது ரோனானுக்கு மருத்துவர் அந்த வார்த்தையை எழுதிவிட்டார். அது அவனுடைய கடைசிப் படகு. தன் முறையைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த ரோனான் இரண்டு நாள் ஒழுங்காகப் பேசவில்லை. கேட்டதற்கு, "எழும்புது அஸெனோர். அவ்ளோ பெரிய படகு தண்ணிய விட்டு எழும்புது. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி" என்று மட்டும் சொன்னான்.

இந்தப் படகு அவளுடையது. குளிர்காலத் தொடக்கத்தில் காபி வேளையில் எல்லோர் முன்னாலும் ப்ரியெக் சொன்னார். "இந்தத் தடவை எவனாவது குறுக்க வந்தீங்கன்னா அடுப்புல வெச்சு வேகவெச்சிடுவேன். இது அஸெனோரோட முறை." இப்போது அவளுக்கு வேண்டியதெல்லாம் மே மாதம் படகு கடலில் இறங்கும் வரை இந்தத் தோலை மறைப்பது, அவ்வளவுதான். ஒருமுறை அது தண்ணீரை விட்டு எழும்புவதைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு மருத்துவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

தெரிந்த முகம் இல்லாத ஊராகப் பார்த்து, ஹென்போன் மருந்துக் கடையில் போய் ஒரு கிரீம் வாங்கினாள். கடைக்காரப் பெண் நல்லவள்தான். "கையில தடவிட்டீங்கன்னா கவசம் மாதிரி நிக்கும், மேடம். எதுவும் உள்ள போகாது" என்றாள். அந்தக் கவசம் எதனால் ஆனது என்று குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சிலிகான்.

படகுப் பட்டறைகளில் கெட்ட வார்த்தை எதை வேண்டுமானாலும் பேசலாம், அந்த ஒரு பொருளை மட்டும் உள்ளே கொண்டுவரக் கூடாது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம், காலணிக்குப் போடும் மெருகு எல்லாம் வாசலோடு நிற்க வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கும். சிலிகான் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. பிடித்த மாதிரி நடிக்கும், அதுதான் அதில் இருக்கிற விஷமம். அஸெனோர் அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். படித்துவிட்டுப் பணம் கொடுத்தாள். சட்டைக் கைக்கு உள்ளே, கையுறைக்கும் உள்ளே இருக்கப் போவது வெளியே எப்படி வரும் என்று நினைத்தாள். கிரீம் வேலை செய்தது. கொப்புளம் அடங்கியது. முகத்திலும் கொஞ்சம் பூசத் தொடங்கினாள்.

மார்ச் மாதத்தில் இறக்கைக் கூடுகளை ஒட்டினார்கள். படகின் இரண்டு பக்கமும் வளைந்த இறக்கைகள் நீண்டிருக்கும். வேகம் ஏறினால் அவைதான் படகைத் தூக்கும். அந்த இறக்கைகள் செருகி நிற்கும் பெட்டிகளை உடலின் உள்ளே பசையால் ஒட்ட வேண்டும். மொத்தப் படகின் பாரமும் அந்த ஒட்டில்தான் நிற்கும். பசை பிடிக்க வேண்டிய பரப்பை, 'ஒட்டும் முகம்' என்பார்கள், தேய்த்துத் துடைத்துத் தயார் செய்வது அஸெனோர். பசை கலந்து கொடுத்தது க்ளெர்வி. அந்த வருடம்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள், வாய் ஓயாத பெண், இடப்பக்கத்துக்கு மட்டும் உதவிக்கு வந்தாள். வலப்பக்கம் ஒட்டிய அன்று அவளுக்கு விடுப்பு.

ஒட்டும் முன் தண்ணீர்ச் சோதனை. சுத்தமான முகத்தில் தண்ணீர் ஊற்றினால் ஒரே விரிப்பாகப் படரும். அழுக்கு இருந்தால் முத்து முத்தாக நிற்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் அழகாகப் படர்ந்தது. காயவைத்தார்கள். முதலில் இடப்பக்கம்; க்ளெர்வி பசை வாளியோடு வந்து நின்றாள்.

"என்ன, கல்யாணப் பொண்ண பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறே? பசை இறுகிடப் போகுது."

"கொண்டா, கொண்டா. உன் வாயி இறுகினா நல்லாருக்கும்."

கண் அரித்தது. அஸெனோர் கையுறை போட்ட உள்ளங்கையால் கன்னத்தை ஒருமுறை அழுத்திக்கொண்டாள். பிறகு, பசை தடவும் முன், அந்தக் கையால் ஒட்டும் முகத்தை ஒருமுறை நெடுக வருடினாள். துணி அடுக்குகிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தூசி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு தடவிக்கொடுப்பு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் தலையைத் தடவுவது மாதிரி. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை. அன்றும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து வலப்பக்கத்திலும் விடவில்லை.

ஏப்ரலில் பாரச் சோதனை. படகை நிறுத்திவைத்து, இறக்கை நுனியில் கம்பி கட்டி இழுப்பார்கள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் வலப்பக்கம். சத்தமே இல்லை, தாங்கியது. பிறகு இடப்பக்கம். பாதிப் பாரத்தில் டிக் என்றது. இன்னொரு டிக். ப்ரியெக் கையைத் தூக்கும் முன் மரம் முறிகிற சத்தத்தோடு கூடு பிய்ந்து வந்தது.

உள்ளே இறங்கி, பிய்ந்த துண்டை விளக்கில் காட்டினார் ப்ரியெக். பசை கிழிந்திருந்தால் சொரசொரப்பாக இருக்கும். இது பளபளவென்று இருந்தது. பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்தப் பளபளப்பு என்னவென்று தெரியும். சிலிகான்.

அலமாரிகளைத் திறக்கச் சொன்னார்கள். க்ளெர்வியின் பையில் ஒரு தலைமுடி எண்ணெய்ப் புட்டி இருந்தது.

"ஞாயித்துக்கிழமைதான் போடுவேன்! சத்தியமா! பைக்குள்ள கிடந்துச்சு, அவ்ளோதான்!" அவள் குரல் உடைந்தது. "நான் அந்த முகத்தைத் தொடவே இல்ல. அஸெனோர், நீ சொல்லு. நான் தொட்டேனா?"

அஸெனோரின் கிரீம் காரில் இருந்தது. "தொட்டதா... நான் பாக்கல" என்றாள்.

பொய் இல்லை. பொய்யைவிட மோசம். வெள்ளிக்கிழமை க்ளெர்வியின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. துறைமுகம் முழுக்க அவளுக்கு 'சிலிகான்' என்று பேர் விழுந்தது. இந்த ஊரில் ஒரு பேர் விழுந்தால் பிசின் மாதிரி, உரித்தால் தோலோடுதான் வரும்.

இடப்பக்கத்தை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டினார்கள். வலப்பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது சோதனையில் தாங்கிவிட்டது. க்ளெர்வியும் அதன் பக்கம் போகவில்லை. ஒருநாள், இந்தப் படகில் தனியாக உலகம் சுற்றப் போகிற படகோட்டி துக்துவால் வந்தான். அந்தக் குறுகிய உட்புறத்தில் தவழ்ந்து போய், வலப்பக்கக் கூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என் படுக்கை இங்கதான். கேட்டுக்கிட்டே தூங்கலாம்ல, கூடு என்ன பேசுதுன்னு" என்று சிரித்தான். "நீ ஒட்டினதாமே? அப்ப நல்லாத் தூங்குவேன்."

அஸெனோர் படகை விட்டு இறங்கி வந்தாள். ஒருமுறை இழுத்ததில் தாங்கிய ஒட்டு, தென்கடலில் மாதக்கணக்கில் அடி வாங்கினால் தாங்குமா? நடித்துக்கொண்டிருக்கும் ஒட்டு எந்த அலையில் நடிப்பை நிறுத்தும்? படகு கடலில் இறங்க இன்னும் மூன்று வாரம்தான். அவள் கேட்டது மூன்றே மூன்று வாரம். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கிரீமை எடுத்துக்கொண்டு ப்ரியெக்கின் அறைக்குப் போய் மேசையில் வைத்தாள்.

அவர் குழாயைத் திருப்பி, பின்பக்கம் படித்தார். அவளுடைய சட்டைக் கையை விலக்கிக் காட்டச் சொன்னார். பார்த்தார். குழாயை மறுபடி மேசையில் வைத்தார்.

"வலப்பக்கமும் தடவினியா?"

"ஆமா."

"நெடுகவா?"

"நெடுக."

"அடிப்பாவி." அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை, முகத்தை மூடிக்கொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மார்ச்லயே சொல்லியிருந்தா..." என்று அவளே தொடங்கினாள்.

"மார்ச்லயே போயிருப்பே" என்றார் ப்ரியெக். "வேறென்ன? இங்க தூசி இல்லாத மூலை எங்க இருக்கு, உன்னை உக்கார வைக்க?"

மருத்துவர் இளைஞர், மரியாதையானவர். "வருத்தமா இருக்கு மேடம். நீங்க இனிமே அந்தக் கட்டடத்துக்குள்ளயே போகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவள் அந்த வார்த்தையைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

க்ளெர்வியைத் தேடிப் போனாள். கலெத் அடை சுடும் கடையொன்றில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ப்ரியெக் ஏற்கெனவே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம், வரச் சொன்னாராம், போகவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், க்ளெர்வி. நான்தான்னு."

"தெரியும். சொன்ன பிறகும் என்னைத்தான் சிலிகான்னு கூப்பிடுறானுங்க. உன்னை அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வரல, பாத்தியா?" தட்டைத் துடைத்து அடுக்கினாள். "எதுக்கு இப்ப வந்தே? உன் மனசு லேசாகணும்னா? ஆகட்டும், போ. உப்பு வெண்ணெய் போட்டு ஒரு அடை தின்னுட்டுப் போ. காசு வேணாம்."

அஸெனோர் தின்னாமலே வந்துவிட்டாள். மனம் லேசாகவும் இல்லை.

வலப்பக்கத்தை அவசர அவசரமாக அறுத்து, தேய்த்து, மறுபடி ஒட்டினார்கள். படகைத் தண்ணீரில் இறக்கும் நாளை மாற்ற முடியவில்லை. பணம் போட்ட விளம்பரதாரர்கள், செய்திக்காரர்கள் என்று ஏற்கெனவே எல்லோரையும் அழைத்தாயிற்று. பழைய நீர்மூழ்கிக் கப்பல் தளத்துக்கு முன்னால் பாரந்தூக்கி படகை மெல்ல இறக்கியபோது, அஸெனோர் வேலிக்கு வெளியே சுற்றுலாக்காரர்களோடு நின்றாள். இறங்கி வந்த படகு தன்னைவிட அழகாக இருந்தது என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

ப்ரியெக் வேலியைத் தேடி வந்தார். "என்ன இங்க நிக்கிறே? உன் முறை."

"நான்தான் பட்டறையில இல்லையே."

"முறை வெச்சது நாங்க. டாக்டரா வெச்சாரு?" குரலை இறக்கினார். "துக்துவால் கேட்டான். அவ சொல்லலன்னா எனக்குத் தென்கடல்லதான் தெரிஞ்சிருக்கும், அவ ஏறட்டும்ங்குறான். வா, யோசிக்காதே."

அவள் யோசிக்கவில்லை. ஓடினாள்.

இந்தக் காலத்துப் பந்தயப் படகில் வெளியே உட்கார இடம் கிடையாது. கூரை மூடிய அறைக்குள்தான் எல்லோரும். அது அப்படியே உள்புறத்தோடு திறந்திருக்கும். அஸெனோரைப் பின்பக்க ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ரோனானின் இழுவைப் படகு பின்தொடர, துறைமுகம் தாண்டும்போதே அந்த வாடை வந்தது. புதுப் பசை, புதுத் தூசி. வலப்பக்கத்தைத் தேய்த்த தூசியை உறிஞ்சி எடுக்க நேரமில்லாமல் மூலைகளில் விட்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்து அறுக்கச் சொன்ன ஒட்டின் தூசி அது.

முதலில் கண் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம், குரோவா தீவைத் தாண்டினால் காற்று வரும், எழும்பிவிடும். உதடு தடித்தது. ஒரு இமை மூடிக்கொண்டது, இன்னொன்றில் ஒரு கீற்று. அந்தக் கீற்றில் பாய் விரிவதைப் பார்த்தாள். மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியபோது துக்துவால் திரும்பிப் பார்த்தான்.

"ஐயோ! அஸெனோர்! மூஞ்சி என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

"ஒண்ணுமில்லயாவது! ரோனான கூப்பிடுங்கடா, சீக்கிரம்!"

"ஓட்டுன்னு சொல்றேன்ல! எழும்புற வரைக்கும்! ஒரே ஒரு தடவை!"

யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் அவளைத் தூக்கி, பின்னால் வந்த இழுவைப் படகில் இறக்கினார்கள். ரோனான் அவளை மடியில் சாய்த்து, தன்னைப் போல ஒவ்வாமை உள்ளவர்கள் எப்போதும் பையில் வைத்திருக்கும் ஊசியைத் தொடையில் குத்தினான். துண்டை நல்ல தண்ணீரில் நனைத்துக் கண்மேல் போட்டான். மூச்சு மெல்ல வழிக்கு வந்தது. கண் திறக்கவில்லை.

தூரத்தில் பாய் படபடத்து, பிறகு இறுகியது. இறக்கைகளிலிருந்து ஒரு முனகல் எழுந்தது; தாழ்ந்த, நீண்ட, மேலே ஏறிக்கொண்டே போகிற ஒலி. மற்ற படகுகளில் இருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள். எழும்புது, எழும்புது என்று யாரோ சின்னப் பிள்ளை மாதிரி கூவினார்கள். அஸெனோர் துண்டை இழுத்துப் போட்டுவிட்டு, விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

"எந்தப் பக்கம் தாங்குது?" என்று கேட்டாள்.

"வலப்பக்கம்."

"நல்லாத் தாங்குதா?"

"தாங்குது அஸெனோர். நல்லாத் தாங்குது. அது எப்படி இருக்கு தெரியுமா, அப்படியே..."

"சொல்லாதே."

அவன் நிறுத்திக்கொண்டான். ஒலி மேற்கே போய்த் தேய்ந்தது. ரோனான் எஞ்சினைத் திருகி, படகைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பினான். அவள் துண்டைத் தேடித் துழாவினாள். அவன் எடுத்துக் கையில் கொடுத்தான்.